எழுத்துக்கு இரண்டு காசு

நான் கல்வெட்டுகிறவன். படித்தவன் அல்ல.
எழுத்து எனக்கு ஓசை இல்லை, உருவம்:
இது வளையம், இது ஏணி, இது மீன்முள்.
வெட்ட இரண்டு காசு. அழிக்க ஒன்று.

மியாந்தர் ஆறு கடலைத் தொடுகிற இடத்தில்
கருவாட்டுக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் அந்த வீடு.
இப்போது சபை. சுவருக்குச் சுண்ணாம்பு,
ஆண்களுக்கு முன்வரிசை,
பெண்களுக்குத் தூணுக்கு அப்பால்.
முற்றத்துத் தரையில் ஒரு பலகைக்கல்.
கண்காணியின் ஆள் தியோக்னிதோஸ்
செருப்பு நுனியால் அதைத் தட்டினான்.
"மூப்பத்தி மெலித்தினே என்று இருக்கிறது.
மூப்பத்தி என்று ஒரு பதவியே கிடையாது.
மூப்பன் மெலித்தினோஸ் ஆக்கு.
பழைய தச்சனின் பிழை."

பிழையா?
தச்சன் பிழை எனக்குத் தெரியும்.
கை நடுங்கினால் கோடு இரட்டிக்கும்,
சந்தேகப்பட்டால் ஆழம் குறையும்.
இந்தக் கல்லை வெட்டியவன்
முழுக்கூலி வாங்கி
நிழலில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறான்.

என் அம்மா பெயர் கொப்ரியா.
குப்பை என்று பொருள்.
பெண் என்றதும் தொப்புள்கொடி காயுமுன்
கோட்டைக்கு வெளியே சாம்பல்மேட்டில் வைத்துவிட்டார்கள்.
நாய்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள்
மெலித்தினே வீட்டு அடிமைப்பெண் எல்ப்பிஸ்.
மீன்கூடையில், உப்பு ஒட்டிய வைக்கோலில்
கிடத்தி எடுத்துவந்தாள்.
அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அப்படி ஏழு பேராம்.

அம்மா இதை வரிசையாகச் சொன்னதில்லை.
வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம்,
கொசு விரட்டும்போது கொஞ்சம்.

மெலித்தினே கருவாடு விற்றவள். கை நாறும்.
அந்தக் கைதான் அப்பத்தைப் பிட்டது.
தூரத்துச் சபைகளிலிருந்து கடிதம் வந்தால்
வாசிப்பவள் எல்ப்பிஸ்.
கணக்கு எழுதிப் பழகிய குரல்,
அன்பு என்கிற சொல்லையும்
பாக்கித் தொகை மாதிரியே வாசிப்பாளாம்.
பொருள் சொல்வது மெலித்தினே.
படகோட்டிகள் கேட்டார்கள், தோல் பதனிடுகிறவன் கேட்டான்,
சிப்பாய் ஒருவன்கூட வாசலோரம்
தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்துவைத்துக் கேட்டான்.
"நீ யார் சொல்ல?" என்று யாரும் எழுந்ததாக
அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

கொள்ளைநோய் வந்த கோடையில்
வைத்தியர்கள் மலைக்கு ஏறினார்கள்.
அவள் பிணம் தூக்கினாள், யார் பிணம் என்று கேட்காமல்.
பன்னிரண்டாம் நாள் அவளையும் தூக்கினார்கள்.

இதையெல்லாம் தியோக்னிதோஸிடம் சொன்னேனா?
இல்லை.
பார்லி விலை ஏறியிருந்தது.

போக வேண்டிய எழுத்து இரண்டு.
பெயரின் முடிவில் ஒன்று:
இரண்டு தூண், நடுவே ஒரு விட்டம்.
பதவியின் முடிவில் மற்றொன்று:
சரிந்த இரு கைகள் சேர்கிற கூரை.
இரண்டையும் கொத்தி எடுத்துவிட்டு
அங்கே ஒரு வட்டம், ஒரு பிறை,
இங்கே ஒரு வட்டம், ஒரு பிறை.
ஓர் எழுத்தின் இடத்தில் இரண்டு எப்படி நிற்கும்?
பிறைகளை ஓரத்தில் நெருக்கினேன்.
ஆழமாக வெட்டியது ஆழமாகத்தான் போகும்;
பள்ளம் விழுந்தது.
"மழைத்தண்ணீர் தேங்கும்," என்றேன்.
"தேங்கட்டும்," என்றான்.
எட்டும் இரண்டும் பத்துக் காசு.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சனிக்கிழமைகளில் அந்த முற்றத்தைக் கழுவுவது
என் அம்மா.
எழுத்துத் தெரியாது.
முட்டிபோட்டு, ஈரத்துணியை விரலில் சுற்றி
ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் விட்டு
அழுக்கெடுப்பாள், நாற்பது வருஷமாக.

அன்றைக்கு வீடு வந்தவள்
துணியை உலர்த்தவில்லை.
நகக்கண்ணில் வெள்ளைத் தூள்.
மூலையில் கிடந்த என் உளியைப் பார்த்தாள்,
அதன் நுனியிலும் அதே வெள்ளை.

"அந்தக் கல்லில்
ஒரு கதவு இருந்ததே," என்றாள்.
"எங்கே?"